கல்லிற் கிடந்த சிப்பியும் மாணாக்கன் வினாவும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே கிணறு தோண்டுவோர் மேல்மண்ணை அகழ்ந்த அளவிலே சுண்ணாம்புக் கற்பாறையைக் காண்பர். அப்பாறையை உடைத்து உற்று நோக்கின், சிப்பியும் சங்கும் பவளத்தின் கூடும் கல்லோடு கல்லாய் இறுகிக் கிடத்தல் பலவிடத்தும் புலனாகும். கண்ணுக்குப் புலனாகாத ஒற்றைக் கலத்துக் கடலுயிர்களின் ஓடுகளோ அளவில்லாதன. புவிச்சரித நூலார் இதனை மயோசீன் காலத்துப் பாறை என்பர். அக்காலம் இற்றைக்கு ஏறத்தாழ 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளின் முன் தொடங்கி, 53 இலட்சம் ஆண்டுகளின் முன் முடிந்தது. நிலாவரைக் கிணறு இப்பாறையை நீர் கரைத்தமையால் உண்டாய குழியே. நாம் வீடு கட்டி, விளக்கேற்றி, திருமுறை ஓதும் இந்நிலம் ஒருகாலத்திற் கடலடியாய்க் கிடந்தது.

இக்கல்லைக் கையிற் கொண்டு மாணாக்கனொருவன், “ஐயா, முற்காலத்து உயிர்கள் படிப்படியாக மாறியே இக்காலத்து உயிர்களாயின என்று விஞ்ஞான பாடத்திற் படித்தோம். இறைவன் ஆன்மாக்களுக்கு உடம்பைக் கொடுத்தருளினான் என்று சமயபாடத்திற் படிக்கின்றோம். எதனை நம்புவது?” என்று வினவுவானாயின் ஆசிரியர் யாது கூறுவர்?

“அது மேனாட்டு நாத்திகம், பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்துவிடு” என்பார் சிலர். பொய்யென்று தாம் கருதுவதை எழுதிப் புள்ளி பெறும்படி பிள்ளைக்குக் கற்பிப்பது எந்தச் சமயத்தின் ஒழுக்கமோ அறியோம். வேறு சிலர், “டார்வின் கண்டதை மாணிக்கவாசக சுவாமிகள் ஆயிரம் ஆண்டுகளின் முன்னரே சிவபுராணத்தில் அருளிவிட்டார்” என்பர். இது மேடையிலே கரகோஷம் பெறும் விடை. யாமும் ஒருகாலத்து இதனைக் கேட்டுக் கை தட்டியதுண்டு. ஆயினும் இரண்டனுள் இதுவே மிகுந்த தீங்கு பயப்பது என்பது எமது துணிபு.

என்னை? சுவாமிகள் தாம் எடுத்து இளைத்த பிறப்புக்களை எண்ணும்போது புல்லை முதலில் வைத்தார். பாம்பின் பின்னே கல்லை வைத்தார். நிலவரலாற்றிலோ புல், செடியினங்களுள் மிகப் பிந்தியவற்றுள் ஒன்று. நடு இந்தியாவிலே, கல்லாய்ப்போன பேரூர்வனவற்றின் சாணத்துள்ளே புல்லின் நுண்டுகள்கள் காணப்பட்ட செய்தி 2005இல் வெளிவந்தது. அவை ஏறத்தாழ ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. புழுவினங்களோ 50 கோடி ஆண்டுகளின் முன்னரே கடலில் ஊர்ந்தன. ஆகவே சிவபுராணத்தைக் கூர்ப்பு நூலாகக் கொள்வோமாயின், சுவாமிகளைப் பிழைபட எழுதிய ஒரு விஞ்ஞானியாக நாமே ஆக்கியவராவோம். அவர் உலகத்தின் வரலாற்றைச் சொல்லப் புகுந்தாரல்லர். ஓர் ஆன்மா பிறந்து பிறந்து எய்த்த எய்ப்பைத் தம்பெருமான் திருமுன் முறையிட்டார். அம்முறையீட்டைக் கேட்டு நெஞ்சுருகாது, அதனைக் கொண்டு வெள்ளைக்காரரை வென்றோம் என்று மகிழ்வது எத்துணைப் பேதைமை!

பொருளும் வேறு. டார்வினும் வாலசும் 1858இல் வெளியிட்ட கருத்து ஓர் இனத்தின் வழிமரபைப் பற்றியது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் தம்முள் சிறிது சிறிது வேறுபடுவர். இருக்கும் இடத்துக்கும் உணவுக்கும் இயைந்தவை மிகுதியாய்ப் பிழைத்துத் தம் இயல்பைச் சந்ததிக்கு விடுக்கும். கோடிக்கணக்கான ஆண்டுகளில் இச்சிறு வேறுபாடுகள் திரண்டு புதிய இனமாகும். தனியொரு விலங்கு தன் வாழ்நாளில் வேறொன்றாய் மாறுவதில்லை. இன்றுள்ள குரங்கு மனிதனைப் பெற்றது என்பதும் அந்நூற் கருத்தன்று. சிம்பன்சிக்கும் மனிதனுக்கும் பொதுவாய முன்னோர் சில பத்து இலட்சம் ஆண்டுகளின் முன் இருந்தன என்பதே கருத்து. சித்தாந்தம் கூறுவதோ ஓரான்மா வினைக்கீடாகப் பல உடம்பு எடுத்தலை. அவ்வழியில் ஏற்றமும் உண்டு, இறக்கமும் உண்டு. ஒன்று உடம்பின் குடிவரலாறு. மற்றது அதிற் குடியிருப்போன் வரலாறு.

அங்ஙனமாயின் முரண் யாதுமில்லையா எனின், பெரும்பாலும் இல்லை. உடம்பு மாயையின் காரியம். ஆன்மா அநாதி என்பது மெய்கண்ட நூற்றுணிபு. மாயையினின்று தோன்றிய உடம்புகள் எவ்வொழுங்கிலே எத்தனை ஆண்டில் வேறுபட்டன என்று அந்நூல்கள் கூறப் புகுந்தில. ஆனால் ஓரிடத்தை மறைக்கலாகாது. நால்வகைத் தோற்றத்துள் வியர்வையிற் பிறப்பன என ஒரு வகை சொல்லப்படும். அவ்வகைக்குக் காட்டும் பேன் ஈரிலிருந்தே பிறக்கும். பிள்ளையின் தலை வாரிய எந்தத் தாயும் இதனை அறிவாள். அது பண்டையோர் கண்ணாற் கண்டு வகுத்த வகுப்பு. அதனைக் கைவிடுதலாற் பதி பசு பாசங்களுக்கு ஓரிழுக்கும் இல்லை. வகுப்பிலே இதனை ஆசிரியரே முந்திச் சொல்லிவிடல் நன்று.

கடினமாய வினா வேறொன்று. இரத்தினபுரியின் மணிக்கற் படுகைகளிலே நீர்யானையும் காண்டாமிருகமும் சிங்கமும் வாழ்ந்தமைக்கு உயிர்ச்சுவடுகள் கிடைத்துள. தெரணியகல என்னும் அறிஞர் அவற்றை ஆராய்ந்து எழுதினார். இன்று அவற்றுள் ஒன்றேனும் இலங்கைக் காட்டில் இல்லை. இவை சிறியன. ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளின் முன் நேர்ந்த ஓரழிவிலே கடல்வாழ் இனங்களிற் பத்தில் எட்டுக்கு மேற்பட்டவை மாண்டன. பேசத் தெரியாத, பாவம் இன்னதென்று அறியாத இத்தனை உயிர் துடித்து மடிந்தமை அருளாளனாகிய இறைவனுக்கு ஏற்குமா?

சங்காரம் ஆன்மாக்களின் இளைப்பொழித்தற்பொருட்டு என்று நாம் விடை சொல்வோம். அவ்விடை மெய்யென்றே யாம் கொள்கின்றோம்; உடம்பு அழியினும் உயிர் அழிவதில்லை. ஆயினும் அது பட்ட துன்பத்தைப் பொய்யாக்குவதன்று. நோயுற்ற பசுவின் பக்கத்திலே நின்று “இதன் வினை கழிகின்றது” என்று சொல்லி வாளா போகிறவன் சித்தாந்தம் கற்றவனல்லன். துன்பம் உண்மை என்பதனாலன்றோ பிறவியறுதலை வேண்டுகின்றோம்! கூர்ப்பு நூல் இங்கே எமக்கு ஓருதவி செய்கின்றது. ஆட்டின் முன்காலிலும், வௌவாலின் சிறகிலும், நம் கையிலும் என்பின் அமைப்பு ஒன்றே என்று அது காட்டுகின்றது. அவ்வுடம்புகளிலே நாமும் இருந்து வந்தோம் என்று சமயம் சொல்கின்றது. இவ்விரண்டையும் ஒருங்கே கேட்ட பிள்ளை, கோயில் வாயிலிலே வேள்விக்கென்று கிடாய் கட்டப்பட்டிருத்தலைக் காணும்போது என் நினைப்பான்? ஆறுமுக நாவலரவர்கள் உயிர்ப்பலியைக் கடிந்து எழுதியும் பேசியும் வந்தார்கள். 1848இல் அவர்கள் வண்ணார்பண்ணையிலே வித்தியாசாலை தொடங்கியபோது டார்வின் நூல் வெளிவரவில்லை. அது வந்தது 1859இல். நாவலரவர்களுக்குக் கிடாயின்மேல் இரங்குதற்கு அந்நூல் வேண்டியதாயிருக்கவில்லை. எம்மவருட் சிலருக்கு இரண்டும் இருந்தும் போதவில்லை.

ஆதலால் அம்மாணாக்கனுக்கு ஆசிரியர் நேர்மையாய் விடை கூறுக. கல்லைப் பற்றிக் கேட்டால் கல்லின் வயதைச் சொல்லுக. சிப்பியைப் பற்றிக் கேட்டால் அது வாழ்ந்த கடலைச் சொல்லுக. இடையே திருவாசகத்தைச் சான்றாக இழுக்க வேண்டா. நிலாவரைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் நாளிலே ஆழத்தின் கதைகளோடு நின்றுவிடாது, பக்கத்துப் பாறையையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுக. அங்கே ஒரு பிள்ளை, “இந்தச் சிப்பிக்குள் இருந்த உயிர் இப்போது எங்கே?” என்று கேட்கவும் கூடும். அஃது எந்த விஞ்ஞான நூலும் தனக்குரியதென்று எடுத்துக்கொள்ளாத வினா. அன்றைய சமயபாடத்தை அவ்விடத்திலே தொடங்கலாம்.