பெயரின் விலை

முகத்துவாரத்து மருந்துக்கடைகளில் நாம் 'பனடோல்' என்றே கேட்கிறோம். 'பரசிற்றமோல்' என்போர் குறைவு. இரண்டிலும் நோவைத் தணிப்பது ஒரே மருந்துதான். வெறும் பெயருக்காக ஏழை ஏன் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்? பேராசிரியர் சேனக பிபிலே எழுப்பிய வினா இது. 1971இல் தொடங்கிய அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவரே.

எனினும், பெயரை நம்புவது மடமை என்று நான் சொல்லமாட்டேன். வில்லையைப் பரிசோதிக்க வறியவனிடம் ஆய்வுகூடம் இல்லை. பெயர்தான் அவனுக்குள்ள ஒரே அத்தாட்சி. 2023இல் தரமற்ற இம்யூனோகுளோபியூலின் ஊசிமருந்து அரச ஆஸ்பத்திரிகளுக்கு வழங்கப்பட்டது அம்பலமானபோது, அவன் அச்சம் வீணல்ல என்று தெரிந்தது.

ஆகவே, மலிவானதை நம்பு என்று அவனுக்கு உபதேசிப்பது மட்டும் நீதியாகாது. மலிவான வில்லையையும் சோதித்து நம்பத்தக்கதாக்குவது அரசின் கடன். 'இரண்டும் ஒரே மருந்துதான்' என்று வாய்திறந்து சொல்வது கடைக்காரரின் கடன்.