இரட்டையர் இருவரும் இரு அமானிதங்கள்

வல்ல நாயன் சிலருக்கு ஒரே பேற்றில் இரு மக்களை அருளுகின்றான். வீடே நிறைந்து விடுகின்றது. ஒரே நிறச் சட்டை, ஒரே தொட்டில்; பார்ப்போரெல்லாம் "மாஷா அல்லாஹ்" என்று மகிழ்கின்றனர். ஆனால் நாளடைவில் "இரட்டைப் பிள்ளைகள்" என்பதே இருவருக்கும் பெயராகி விடுகின்றது. பெற்றோராகிய நாம் இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும்.

மார்க்கம் இவ்விருவரையும் ஒருவராக எண்ணவில்லை. ஷாஃபிஈ மத்ஹபில் ஆண் குழந்தைக்கு இரண்டு ஆடுகளும் பெண் குழந்தைக்கு ஓர் ஆடும் அகீகா கொடுப்பது ஸுன்னத். இரட்டையர் என்பதற்காக, ஒருவருக்குக் கொடுத்தது மற்றவருக்கும் சேர்ந்துவிடாது. நோன்புப் பெருநாள் பித்ராவும் தலைக்கு ஒன்றுதான். மறுமையிலோ ஒவ்வொருவரும் தன்னந்தனியே இறைவன்முன் வருவார் என்று மர்யம் அத்தியாயம் அறிவிக்கின்றது. அச்சில் வார்த்தாற்போல் இருக்கும் இரட்டையருக்கும் கைவிரல் ரேகைகள் வேறாகவே இருக்கின்றன. படைத்தவன் தனித்தனியே படைத்திருக்க, வளர்க்கும் நாம் இருவரையும் ஒரே கட்டாகக் கட்டி வைப்பது முறையாகுமா?

பஷீர் (ரலி) அவர்கள் தம் மகன் நுஃமான் (ரலி) அவர்களுக்கு மட்டும் ஓர் அன்பளிப்பு வழங்கி, அதற்கு அண்ணல் நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க விரும்பினார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் இவ்வாறு கொடுத்தீரா என நாயகம் (ஸல்) அவர்கள் வினவினார்கள். இல்லை என்றதும், மக்களிடையே நீதமாக நடக்குமாறு பணித்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இந்நிகழ்ச்சி இடம்பெற்றுள்ளது.

இந்த நீதத்தைத் துணியிலும் தின்பண்டத்திலும் நாம் பேணத்தான் செய்கின்றோம். நேரத்தில் பேணுகின்றோமா? இருவரும் சேர்ந்திருக்கையில் துடுக்கான பிள்ளை முந்திப் பேசும். அடக்கமான பிள்ளை பின்னால் நிற்கும். மாலை முழுதும் இருவரோடும் இருந்ததாக நாம் எண்ணுவோம். உண்மையில் ஒருவனோடுதான் பேசியிருப்போம். மற்றவன் மதரஸாவில் பட்ட அவமானமும், இரவில் அவனைத் தூங்கவிடாத பயமும் நமக்குத் தெரியாமலே போய்விடும். அமானிதத்தில் பாதியைப் பேணி, பாதியை விட்டவர்களாக நாம் ஆகலாமா?

பெருமானார் (ஸல்) அவர்களுக்கு இருந்த பொறுப்புகள் எத்தனை! அவ்வளவுக்கிடையிலும், அபூ உமைர் என்னும் சிறுவரிடம் அவர் வளர்த்த சிட்டுக்குருவியைப் பற்றி விசாரித்தார்கள். இளைஞராயிருந்த இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் தமக்குப் பின்னால் வாகனத்தில் அமர்ந்து வருகையில், அல்லாஹ்விடமே கேட்கவும் அவனிடமே உதவி தேடவும் கற்றுக் கொடுத்தார்கள். வழிப்பயணத்தில் ஒருவருக்கென்று சொன்ன அந்தச் சில சொற்கள் அவர் நெஞ்சில் நிலைத்து, இன்று நம்வரை வந்து சேர்ந்திருக்கின்றன.

நாமும் இவ்வாறு செய்யலாம், செலவு ஒன்றுமில்லை. இன்று மஃரிபுக்கு ஒருவன் வாப்பாவின் கைபிடித்துப் பள்ளிக்கு வரட்டும். மற்றவன் உம்மாவுடன் இருக்கட்டும். நாளை மாற்றிக் கொள்ளலாம். பெண் மக்களாயின், ஒருத்திக்குத் தலை வாரும் நேரம் அவளுக்கே உரியதாகட்டும். ஓதிய பாடத்தைத் தனித்தனியே கேளுங்கள். ஒருவன் பிழைவிட்டால் "அவனைப் பார்" என்று மற்றவனைக் காட்டாதீர்கள். கால்மணி நேரமானாலும் போதும். அந்நேரம் கைப்பேசியை அப்பால் வைத்துவிட்டு, பிள்ளை சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

"நாளை உன் முறை" என்று காத்திருக்கும் பிள்ளையிடம் சொன்னால் அதை நிறைவேற்றியே தீர வேண்டும். ஒன்று தருவதாகப் பிள்ளையை அழைத்துவிட்டுத் தராமல் விட்டால் அதுவும் பொய்யாகவே எழுதப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கின்றார்கள். ஒருவன் நோயுற்றால் அவனுக்கு அதிக நேரம் தேவைப்படும், அது அநீதமன்று. ஆயினும் காரணத்தை மற்றவனுக்கு அன்போடு எடுத்துச் சொல்லுங்கள். அவன் தன்னை மறந்துவிட்டார்கள் என்று எண்ணலாகாது.

இரவில் கையேந்தும்போதும் "என் மக்கள்" என்று பொதுவாகக் கேட்பதோடு நிறுத்தாமல், ஒவ்வொருவரின் பெயரையும் சொல்லி, அவரவர் தேவையைக் கேளுங்கள். அந்தத் தேவை இன்னதென்று தெரிய வேண்டுமானால், பகலில் அவரோடு தனியே அமர்ந்திருக்க வேண்டுமல்லவா?

நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட ஒவ்வோர் அமானிதத்தையும் அதற்குரிய முறையில் பேணும் பாக்கியத்தை அல்லாஹுத் தஆலா நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.