கோட்டைக்குள் ஒரு படைவீரர் சொன்ன யோபு கதை



லூக்கா நற்செய்தி ஏழாம் அதிகாரத்தில் வரும் நூற்றுவர் தலைவர் யூதர் அல்ல, படைக்காரர். தம்மிடம் வேலை செய்தவன் சாகக் கிடக்கிறான் என்று இயேசுவிடம் ஆள் அனுப்பிக் கெஞ்சுகிறார். அவருடைய நம்பிக்கையைப் பார்த்து ஆண்டவரே வியந்துபோனார். நற்கருணை வாங்குமுன் நாம் ஒவ்வொரு திருப்பலியிலும் சொல்லும் மன்றாட்டு அந்த மனிதர் வாயிலிருந்து வந்ததுதான். திருச்சபை ஒரு படைவீரரின் சொல்லை நம் நாவில் வைத்திருக்கிறது.

நம் பக்கத்திலும் அப்படி ஒருவர் இருந்தார். 1741-இல் குளச்சல் போரில் டச்சுக்காரர்கள் திருவிதாங்கூரிடம் தோற்றார்கள். பிடிபட்டவர்களில் ஒருவர் டிலனாய். மார்த்தாண்ட வர்மா அவரைத் தம் படையிலேயே சேர்த்துக்கொண்டார். 1777-இல் கண்மூடும்வரை அந்த மண்ணிலேயே உழைத்தார். புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கும் சிற்றாலயத்தில் அவரும் மனைவியும் மகனும் அருகருகே அடக்கமாகியிருக்கிறார்கள். அவர் கல்லறைக் கல்லில் லத்தீனோடு தமிழும் பொறித்திருக்கிறது.

அந்தக் கோட்டை வேலையில் அவரோடு பழகியவர் நீலகண்ட பிள்ளை என்ற அரண்மனை அதிகாரி. வீட்டில் அடுத்தடுத்து நஷ்டம். மாடுகள் செத்தன, சொத்து கரைந்தது, மனம் உடைந்துபோனது. ஏன் முகம் வாடியிருக்கிறது என்று டிலனாய் கேட்டார். எல்லாவற்றையும் இழந்தும் இறைவனை விடாத யோபுவின் கதையைச் சொன்னார். 1745-இல் வடக்கன்குளத்தில் நீலகண்ட பிள்ளை திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சங்கிலியில் கட்டுண்டு, எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக இழுக்கப்பட்டு, 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுடப்பட்டார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். கோட்டார் பேராலயத்தில் இருக்கும் அவர் கல்லறையில் நம்மில் பலர் முழங்காலிட்டிருப்போம். அங்கே டிலனாயை எத்தனை பேர் நினைக்கிறோம்? அவர் குருவல்ல, உபதேசியார்கூட அல்ல. கூட வேலை பார்த்தவன் கலங்கி நின்றபோது பக்கத்தில் உட்கார்ந்தவர், அவ்வளவுதான்.

நம் பங்கிலும் பட்டாளத்துக்காரர்கள் இருக்கிறார்கள். சிப்பாயாக, நாயக்காக இருந்தவர்கள் பலர் நாற்பது வயதுக்குள்ளேயே பென்ஷனில் வந்துவிடுகிறார்கள். பிள்ளைகளின் படிப்புச் செலவு அப்போதுதான் தலைதூக்கும். ஆகவே தி.நகர் ஜவுளிக்கடை வாசலிலும் அடையாறு அடுக்குமாடி கேட்டிலும் செக்யூரிட்டியாக நிற்கிறார்கள்.

ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். பெயரைச் சொன்னால் கூச்சப்படுவார். நைட் டூட்டி முடித்து நேராக முதல் பூசைக்கு வருவார். சீருடையைப் பையில் மடித்து வைத்துவிட்டு வேறு சட்டை போட்டுக்கொண்டிருப்பார். காலில் மட்டும் அதே கறுப்பு ஷூ, முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கும். பையில் ஒரு பழைய பனியன் துணி இருக்கும், அதைத் துடைக்க. பின்னால் தூணோரம்தான் அவர் இடம்.

அவரோடு வேலை பார்த்த ஒடிசா பையனுக்கு ஒருநாள் இரவு, அப்பா இறந்துவிட்டார் என்று போன் வந்தது. உடனே புறப்படக் கையில் காசில்லை. பையனுக்குத் தமிழ் தெரியாது. இவர் பட்டாளத்தில் படித்த இந்தியில் விடியும்வரை பேசியிருக்கிறார். “நான் காஷ்மீர்ல இருந்தப்போ எங்கப்பா போயிட்டாரு ஃபாதர். தந்தி மூணு நாள் கழிச்சுத்தான் கிடைச்சுது. அதைத்தான் சொன்னேன். அப்புறம் ரெண்டு பேரும் ஜெபம் பண்ணோம்” என்றார். டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்தது அவர்தான் என்று பிறகு அவர் மனைவி சொல்லித்தான் தெரியும்.

இவரை நம் அன்பியக் கூட்டத்தில் யாரும் பார்த்ததில்லை. ஆர்வமில்லாதவர் என்றுகூட ஒருவர் என்னிடம் சொன்னார். கூட்டம் இரவு ஏழரைக்கு. அவருக்கு எட்டுக்கு டூட்டி. அன்பியப் பொறுப்பாளர்களே, தயவுசெய்து கேளுங்கள். மாதத்தில் ஒரு கூட்டத்தையாவது ஞாயிறு மாலை நான்கு மணிக்கு மாற்றுங்கள். உங்கள் தெருவில் இப்படி இரவுப் பணியில் யார் யார் என்று இந்த வாரமே வீடு வீடாகப் போய்க் கேளுங்கள். அவர்கள் வந்தால் வாசகத்தை விளக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். தாங்கள் பட்ட கஷ்டத்தில் ஆண்டவர் எப்படிக் கூட நின்றார் என்று சொல்லச் சொல்லுங்கள். நானும் வந்து உட்கார்ந்து கேட்கிறேன்.

இப்போது எழுந்து நின்று நம் விசுவாசத்தை அறிக்கையிடுவோம்.