அதிகாரி யார்?

வேதாந்த நூல்களைப் பயிலத் தொடங்குபவன் முதலில் சந்திக்கும் வினா, 'இதைக் கற்கத் தகுதி உடையவன் யார்?' என்பதாகும். அதிகாரி, விஷயம், சம்பந்தம், பிரயோஜனம் என்னும் அநுபந்த சதுஷ்டயத்தில் அதிகாரிக்கே முதலிடம். மாணாக்கர் அனைவரும் ஒரே தரத்தினர் அல்லர் என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். அந்த அறிவு எதற்குப் பயன்பட்டது என்பதே சிந்திக்கத் தக்கது.

பிருஹதாரண்யக உபநிஷதத்தில் பிரஜாபதி 'த' என்ற ஒரே எழுத்தை உபதேசிக்கிறார். தேவர்கள் அதைப் புலனடக்கம் என்றும், மனிதர்கள் தானம் என்றும், அசுரர்கள் தயை என்றும் கொண்டனர். மூவரும் சரியாகவே புரிந்துகொண்டதாகப் பிரஜாபதி ஏற்கிறார். மூன்று விடைகளுக்கும் முழு மதிப்பெண் அளித்த தேர்வாளர் அவர்! பஞ்சதந்திரத்திலோ, படிப்பே ஏறாத அரசகுமாரர் மூவருக்கு விஷ்ணுசர்மா நீதி சாஸ்திரத்தைக் கதைகளாக்கிப் புகட்டுகிறார். ஆனால் இதே மண்ணில்தான், வில்வித்தைக்கு முழுத் தகுதி பெற்றிருந்த ஏகலைவன் பிறப்பின் காரணமாகத் திருப்பி அனுப்பப்பட்டான்.

இதனால்தான் சுவாமி விவேகானந்தர் அதிகாரவாதத்தைக் கடுமையாகச் சாடினார். தகுதி என்ற பெயரால் அறிவைச் சிலர் தமக்கென வைத்துக்கொண்டனர் என்பது அவரது குற்றச்சாட்டு. ஆனால் அவருடைய குருதேவரோ, ஒரே மீனை ஒரு பிள்ளைக்குப் புலவாகவும், மற்றொரு பிள்ளைக்கு வறுவலாகவும், வயிறு பலவீனமான பிள்ளைக்கு எளிய குழம்பாகவும் சமைத்துத் தரும் தாயைப் பற்றிக் கூறினார். இவை முரண்படுகின்றனவா? இல்லை. அந்தத் தாய் எந்தப் பிள்ளையையும் பட்டினி போடவில்லை. வேறுபாடு சமையலில் இருந்தது, வாசற்கதவில் இல்லை.

நவீனக் கல்வியும் இந்த இடத்திற்கு வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸில் வாலன்டீன் ஹவுய் பார்வையற்றோருக்கென ஒரு பள்ளி தொடங்கினார். பள்ளியே இல்லாதவர்களுக்குத் தனிப்பள்ளி கிடைத்தது பெரும் முன்னேற்றம். ஆயினும் அங்கு அவர்கள் படித்தது, கண்ணுக்காக அமைந்த எழுத்தையே தாளில் புடைக்கச் செய்த நூல்களை. விரல் அவற்றை மெதுவாகவே தடவி அறிய முடிந்தது. அப்பள்ளியின் மாணவரான லூயி பிரெய்ல், விரலுக்கென்றே ஆறு புள்ளிகள் கொண்ட எழுத்தை உருவாக்கினார். அவர் 1852-இல் மறைந்தார். அப்பள்ளி அம்முறையை அதிகாரபூர்வமாக ஏற்றது 1854-இல்! நல்ல மனம் படைத்த ஆசிரியர்களும், தங்கள் கண்ணே அளவுகோல் என்ற எண்ணத்தை எளிதில் விடவில்லை.

1905-இல் ஆல்ஃபிரட் பினே அமைத்த அறிவுச் சோதனைக்கு நேர்ந்ததும் இத்தகையதே. உதவி தேவைப்படும் குழந்தைகளைக் கண்டறிய எழுந்த அது, பின்னர் அமெரிக்காவில் மனிதரைத் தரம் பிரித்து ஒதுக்கும் கருவியாயிற்று. அதிகாரி பேதம் கண்ட அதே சரிவு.

நம் நாட்டில் 1964-66-இல் பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு, உடற்குறையுடைய குழந்தைகளை இயன்றவரை பொதுப்பள்ளியில் சேர்க்கப் பரிந்துரைத்தது. 1974-இல் அதற்கான திட்டமும், 1995-இல் சட்டமும் வந்தன. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஒரு நுட்பம் உண்டு. அனைவரும் ஒன்றாகக் கற்பதை மட்டும் அது உள்ளடக்கிய கல்வி என்று கூறவில்லை. கற்பிக்கும் முறை மாணாக்கரின் தேவைக்கேற்ப மாற்றப்படுவதையும் அந்த வரையறையிலேயே சேர்த்திருக்கிறது. 'இவன் கற்கத் தகுதியானவனா?' என்ற பழைய வினா, 'இவனுக்குக் கற்பிக்க நாம் தகுதியானவர்களா?' என்று திரும்பியிருக்கிறது. சாதன சதுஷ்டயத்தை மாணாக்கனிடம் தேடிப் பழகிய நமக்கு இது சற்றே சங்கடமான வினாதான்.

ஆனால் சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் ஏறியதும் கடமை முடிந்ததாகக் கருதும் போக்கு கவலை தருகிறது. செவித்திறனற்ற ஒரு குழந்தையை, சைகைமொழி அறிந்தவர் ஒருவர்கூட இல்லாத வகுப்பில் கடைசி வரிசையில் அமர்த்தினால், அது ஏகலைவன் நின்ற காட்டைவிடத் தனிமையான இடம். அத்தகைய குழந்தைக்கு, தன் மொழி பேசும் பிறர் கூடியிருக்கும் தனிப்பள்ளியே சிலகாலம் உகந்ததாக இருக்கலாம். நரேந்திரபூரில் ராமகிருஷ்ண மிஷன் நடத்தும் பார்வையற்றோர் பள்ளியை வெறும் பழைய முறை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. பொதுப்பள்ளியா, தனிப்பள்ளியா என்பதை எந்தக் கொள்கையும் முன்கூட்டியே தீர்மானிக்க இயலாது. அந்தக் குழந்தைக்கு எது செரிக்கும் என்பதை அருகிருந்து பார்த்தவர்தான் சொல்ல வேண்டும். நாற்பது பிள்ளைகளின் நடுவே நிற்கும் ஓர் ஆசிரியருக்கு அப்படிப் பார்க்க நேரம் எங்கே இருக்கிறது?