அவனுக்கு எதுக்கு வக்கீல்?

ஆலந்தலைக் கரையில் கிழிந்த வலையோடு உட்கார்ந்திருந்த மாமா என்னிடம் கேட்டார்: "அவனுக்கெல்லாம் எதுக்கு மருமவனே வக்கீலு?"

பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் வள்ளத்தில் கஞ்சா மூட்டைகளோடு பிடிபட்டிருந்தான். அவன் அம்மா வக்கீல் தேடி மதுரைக்கு அலைகிறாள் என்று பேச்சு. விற்றவனைக் காப்பாற்ற வாதாடுகிறவனும் விற்றவன்தான் என்பது மாமாவின் தீர்ப்பு. அவருடைய பேரன் போதையில் விழுந்து, கடல் தொழிலை விட்டு, வீட்டுப் பாத்திரங்களை எடுத்து விற்கிற நிலைக்கு வந்தவன். ஆகவே அவர் கேள்வியைச் சட்டப் புத்தகத்தை நீட்டி மூடிவிட முடியாது.

ஆனால் இதே மாமா 2014-இல் இப்படிப் பேசவில்லை. அந்த வருஷம் அக்டோபர் 30-ஆம் தேதி கொழும்பு உயர் நீதிமன்றம் ராமேஸ்வரம் பக்கத்து மீனவர்கள் ஐந்து பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 2011 நவம்பரில் இலங்கைக் கடற்படை அவர்களைப் பிடித்தது; ஹெராயின் கடத்தியதாகக் குற்றச்சாட்டு. இலங்கைச் சட்டத்தில் 2 கிராம் ஹெராயின் கடத்தினாலே தூக்கு அல்லது ஆயுள். 1976-க்குப் பிறகு அங்கே யாரையும் தூக்கில் போட்டதில்லை என்பது அன்று யாருக்கும் ஆறுதலாக இல்லை. ராமேஸ்வரம் கொந்தளித்தது. எங்கள் கரையிலும் அதே பேச்சு. "கடல்ல பிடிச்சவன் சொன்னா ஆச்சா? படகுல இருந்துச்சின்னா அவனுவளோடதுன்னு யாரு பார்த்தா?" என்று மாமா கேட்டார். போதைப்பொருள் வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவனுக்கான வாதத்தில் பாதியை அவர் அந்த ஒரு வரியில் சொல்லிவிட்டார். அது அவருக்குத் தெரியாது.

ஏனென்றால் இந்த வழக்குகளில் கேள்வியே அதுதான். ஒரு வள்ளத்தில் நாலு பேர். ஐஸ் பெட்டிக்கு அடியில் ஒரு பொட்டலம். யாருடையது? பிடித்தவன் நாலு பேருடையதும் என்பான். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் 54-ஆம் பிரிவு, பொருள் ஒருவன் வசம் இருந்தாலே குற்றம் செய்ததாக அனுமானிக்க இடம் தருகிறது. 35-ஆம் பிரிவு அதற்கும் மேலே போகிறது: அவன் தெரிந்தேதான் செய்தான் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும், தெரியாது என்றால் அவன்தான் நிரூபிக்க வேண்டும், அதுவும் சந்தேகத்துக்கு இடமில்லாமல். கொலை வழக்கில் அரசாங்கம் சுமக்கிற சுமை இது. இங்கே அது பங்குக்குக் கடலுக்குப் போனவன் தலையில் ஏறுகிறது. கஞ்சா 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு, குறைந்தது 10 வருஷம். முதல் போட்டவனுக்கும் மூட்டை தூக்கியவனுக்கும் தராசு ஒன்றுதான். ஆனால் கடலில் அகப்படுகிறவன் வள்ளத்தில் இருந்தவன். முதல் போட்டவன் வள்ளத்தில் ஏறவேண்டிய அவசியமே இல்லை.

அந்தச் சுமையை ஏற்றுவதற்கு முன்னால் அரசுத் தரப்பு செய்யவேண்டியது ஒன்று உண்டு. நூர் ஆகா என்கிற ஆப்கானியர் அமிர்தசரஸ் விமான நிலையத்தில் பிடிபட்டார்; திராட்சைப் பெட்டிக்குள் ஹெராயின் என்றார்கள். 2008-இல் உச்ச நீதிமன்றம் 35, 54 பிரிவுகள் செல்லும் என்றது. ஆனால் அடிப்படை உண்மைகளை அரசு முதலில் நிரூபித்தாக வேண்டும் என்றும் சொன்னது. அந்த வழக்கில் கைப்பற்றிய சான்றுப் பொருள்களே ஒழுங்காக நீதிமன்றத்துக்கு வரவில்லை. அவர் விடுதலையானார். தமிழ்நாட்டிலிருந்து போன தூஃபான் சிங் வழக்கில் 2020 அக்டோபர் 29-ஆம் தேதி இரண்டுக்கு ஒன்று என்ற தீர்ப்பு வந்தது: இந்தச் சட்டத்தின் கீழ் அதிகாரிகளிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சாட்சியமாக வைத்துத் தண்டிக்க முடியாது. அதற்கு முன்பு செல்லும் என்ற தீர்ப்புகள் இருந்தன. அந்த வருஷங்களில் ஒரு அறைக்குள் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனவர்களை நினைத்துப் பார்க்கிறேன். அந்தக் கையெழுத்தைக் கேள்வி கேட்க வேறு யார் இருந்தார்கள், வக்கீலைத் தவிர?

மாமாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டார். "அப்போ நெஜமாவே கொண்டாந்தவனும் சீல் சரியில்லேன்னு வெளிய வருவான்லா?"

வருவான். அதை மறைத்துப் பேசுகிற வக்கீல்களை எனக்குப் பிடிக்காது. சோதனை முறைப்படி நடக்கவில்லை, மாதிரி எடுத்ததில் குளறுபடி என்று விடுதலையானவர்களில் உண்மையிலேயே விற்றவர்களும் இருப்பார்கள். அவர்களில் ஒருவன் மாமாவின் பேரனுக்கு விற்றவனாகக்கூட இருக்கலாம். அந்த நஷ்டம் கற்பனை இல்லை. ஆனால் அதற்கான கோபம் குளறுபடி செய்த அதிகாரியின் மேல் போகாமல், அதைக் கண்டுபிடித்துச் சொன்னவன் மேல் போவது எனக்கு விளங்கவில்லை. சீல் சரியாக இருக்க வேண்டும் என்று கேட்க ஆளில்லாத இடத்தில் பொட்டலம் எந்த வள்ளத்திலும் ஏறலாம், மாமாவின் வள்ளத்திலும்.

கொழும்பு வழக்கு எப்படி முடிந்தது என்பதுதான் இன்னும் உறுத்துகிறது. இந்திய அரசு மேல்முறையீடு செய்தது. பிறகு அது திரும்பப் பெறப்பட்டு, ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச மன்னிப்புக் கொடுத்தார். நவம்பரிலேயே ஐந்து பேரும் ஊர் திரும்பினார்கள். நானாக இருந்தாலும் அந்த மன்னிப்பை இரண்டு கையாலும் வாங்கியிருப்பேன். ஆனால் மன்னிப்பு என்றால் தவறு செய்தவனுக்குக் கொடுப்பது. செய்தார்களா இல்லையா என்று மேல் நீதிமன்றம் சொல்லவேண்டிய இடம் காலியாகவே நின்றுவிட்டது. உயிர் வந்தது, பெயர் வரவில்லை. அதே நாளில், அதே வழக்கில், இலங்கைக்காரர் மூன்று பேருக்கும் அதே தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. அவர்களுக்காக எங்கள் கரையில் யாரும் குரல் கொடுத்து நான் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. சாட்சியம் ஐவருக்குப் போதாது என்று நாங்கள் நம்பியிருந்தால், எட்டுப் பேருக்கும் அல்லவா போதாமல் இருந்திருக்கும்? நாங்கள் கேட்டது நியாயமான விசாரணையையா, எங்கள் ஆட்களையா என்று அப்போது யோசிக்கவில்லை.

இதைச் சொன்னபோது மாமா கொஞ்ச நேரம் நூலைப் பல்லில் கடித்துக்கொண்டே இருந்தார். பிறகு, "சரி, வக்கீலு வைக்கட்டும். அது அவன் பாடு. ஆனா ஜாமீன் கையெழுத்துக்கு அவன் ஆத்தா இங்க வந்தா நான் போட மாட்டேன்" என்றார்.

அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. வணிக அளவு என்று வழக்குப் போட்டிருந்தால், அவன் குற்றவாளி அல்ல என்று நம்பக் காரணம் இருக்கிறது, வெளியே வந்தால் மறுபடி குற்றம் செய்ய மாட்டான் என்று நீதிமன்றம் திருப்தி அடைந்தால்தான் 37-ஆம் பிரிவு ஜாமீனுக்கு வழிவிடும். விசாரணை முடிவதற்கு முன்னால் அந்தத் திருப்தி லேசில் வருவதில்லை. மாமாவின் கையெழுத்தைத் தேடி இப்போதைக்கு யாரும் வரப்போவதில்லை.