நான் நானாக இல்லையோ?



த்ரீ கிங்ஸ் என்றால் மூன்று அரசர்கள். மூன்று குன்றுகளால் வந்த பெயர். இன்று எஞ்சி நிற்பதோ பிக் கிங் ஒன்றுதான். மற்ற இரண்டையும் கல்லுக்காக வெட்டி எடுத்துவிட்டார்கள். பெயர் இருக்கிறது, பொருள் இல்லை. நம்மில் சிலருக்கும் இப்படியொரு நிலை வருவதுண்டு.

கண்ணாடியில் தெரியும் முகம் வேறு யாருடையதோ என்று தோன்றும். நம் குரலே தூரத்தில் கேட்பது போலிருக்கும். வீடும் தெருவும் சினிமாக் காட்சியாகத் தெரியும். பெற்ற பிள்ளையை அணைத்தாலும் நெஞ்சு அசையாது. வெளியே சொன்னால் ஒருவர் பைத்தியம் என்பார், ஒருவர் பேய் பிடித்தது என்பார், இன்னொருவர் ஞானம் கைகூடுகிறது என்பார். மூன்றும் அவசரத் தீர்ப்புகளே.

1896 ஜூலையில், மதுரையில், 16 வயது வேங்கடராமனைத் திடீரென மரணபயம் பற்றியது. அவர் பிணம்போல் கிடந்து, இறப்பது எது என்று தமக்குள் விசாரித்தார். அவரே நாம் வணங்கும் ரமண மகரிஷி. விசாரணையின் முடிவில் அவருக்குப் பயம் நீங்கியது, ‘நான்’ தெளிவாக நின்றது. நாம் சொல்லும் நிலையிலோ ‘நான்’ மங்குகிறது, பயம் வளர்கிறது. ஆகவே இதை ஞானம் என்று எண்ணி ஏமாறலாகாது.

நெடுநாட் கவலை, தூக்கமின்மை, யுத்தத்திலும் இழப்பிலும் பட்ட அதிர்ச்சி ஆகியவற்றைத் தாங்க இயலாதபோது மனம் சற்றே ஒதுங்கி நிற்கிறது. கஞ்சாவும் காரணமாகலாம். “அப்படி இருப்பது போலத் தோன்றுகிறது” என்று சொல்ல முடிவதே அறிவு கலங்கவில்லை என்பதற்கு அடையாளம்.

இந்நிலையில் கண்களை மூடி நெடுநேரம் தியானிப்பது சிலருக்கு இதை அதிகமாக்கும். மாறாக, ஆலயத்தில் கண் திறந்து நிற்போம். தீபத்தைப் பார்த்து, மணியோசை கேட்டு, கற்பூர வாசனை நுகர்ந்து, தீர்த்தம் அருந்தி, திருநீறு பூசும்போது ஐம்புலன்களும் நம்மை இவ்விடத்துக்கு அழைத்து வருகின்றன.

நிலை நீடித்தால் குடும்ப வைத்தியரிடம் செல்வோம். 1996இல் நடைமுறைக்கு வந்த நோயாளர் உரிமை விதிகளின்படி, தேவையானால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். 1737 என்ற இலக்கத்தை இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம். இறைவனுக்கே வைத்தியநாதன் என்று பெயரிட்டவர்கள் நாம்; வைத்தியரிடம் செல்வது பக்திக் குறைவாகாது.

வீட்டில் ஒரு பிள்ளை “நான் நானாக இல்லை” என்று சொன்னால் அதட்ட வேண்டாம். அருகில் அமர்ந்து கேட்போம். அதுவும் சிவத்தொண்டே.

திருச்சிற்றம்பலம்.