புதியதும் போதியதும்

மனிதன் கருவி செய்யும் உயிர் என்பர் அறிஞர். கல்லைக் கூராக்கிய நாளில் தொடங்கிய அவ்வாற்றல், இன்று விண்ணில் வலம்வரும் செயற்கைக்கோள்களின் குறிப்பை உள்ளங்கை அளவான பெட்டிக்குள் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. கருவி வளர்வதில் வியப்பில்லை. கருவியை மதிப்பிடும் அறிவும் உடன் வளர்ந்திருக்கிறதா என்பதே வினா. இவ்வினாவைப் பெரும் பொருள்களைக் கொண்டு ஆராய்வதினும் சிறு பொருளொன்றைக் கொண்டு ஆராய்வதே நலம். சிறு பொருளிடத்தில்தான் மனம் காவலின்றி நடமாடுகிறது. மிதிவண்டிக் கைப்பிடியில் பொருத்தப்படும் கணினி அத்தகைய பொருள்களுள் ஒன்று.

மிதிவண்டி சென்ற தொலைவை அறியும் ஆவல் புதியதன்று. 1895ஆம் ஆண்டிலேயே அமெரிக்கரான கர்ட்டிஸ் வீடர் என்பார், சக்கரத்தின் சுழற்சியை எண்ணித் தொலைவு காட்டும் சிறு பொறியை உருவாக்கினார். நூறாண்டு கழித்து, 1995இல், 24 செயற்கைக்கோள்களைக் கொண்ட ஜி.பி.எஸ். அமைப்பு முழுமையடைந்தது. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் அதன் குறிப்புகளைப் பொதுமக்களும் துல்லியம் குறையாமல் பெறுமாறு 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் தடை நீங்கியது. இன்றைய மிதிவண்டிக் கணினி அவற்றைக் கொண்டு வழியையும் வேகத்தையும் காட்டுகிறது; துணைக் கருவிகளுடன் இணைந்து இதயத் துடிப்பையும் மிதிக்கும் விசையையும் கூடக் காட்டுகிறது.

இனி ஒருவரைக் கற்பனை செய்து கொள்க. அவர் ஞாயிறுதோறும் விடியலில் கோம்பாக்கிலிருந்து புறப்பட்டு, பழைய பெந்தோங் சாலை வழியே கெந்திங் செம்பாவுக்கு ஏறி இறங்குபவர். அவரிடம் 2019இல் வெளிவந்த கார்மின் எட்ஜ் 530 என்னும் கணினி இருக்கிறது. 2023இல் அதன் வழித்தோன்றலாக எட்ஜ் 540 வெளிவந்தது. தோழர் ஒருவர் அதனை வாங்கிவிட்டார். அன்று முதல் இவர் கண்ணுக்குப் பழைய திரை மங்கலாகத் தெரியத் தொடங்கியது. வாங்குவதா, இருப்பதைக் கொண்டு அமைவதா?

புதியதன் சார்பில் கூறத்தக்கவை உள. அது செயற்கைக்கோள் குறிப்பை இரண்டு அலைவரிசைகளில் பெறவல்லது; ஆகவே உயர்ந்த கட்டடங்களுக்கு இடையிலும் அடர்ந்த மரநிழலிலும் இடத்தைப் பிழை குறைவாகக் காட்டும். பழையதன் மின்கலம் 20 மணி நேரம் உழைக்கும் என்று அறிவித்த நிறுவனம், புதியதற்கு 26 மணி நேரம் என்று அறிவித்தது. இவை பொய்யான சிறப்புகள் அல்ல. ஆனால், ஒரு பொருள் சிறந்தது என்பது வேறு. அச்சிறப்பு ஒருவருக்குத் தேவை என்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே பிழையின் தொடக்கம்.

கணக்கிட்டுப் பார்ப்போர்க்கு உண்மை எளிதில் விளங்கும். அவருடைய ஞாயிற்றுப் பயணம் நான்கு மணி நேரத்தில் முடிவது. பழைய மின்கலம் தன் வலிமையில் பாதியை இழந்திருப்பினும் பத்து மணி நேரம் நிற்கும். சாலையோ அவர் நூறு முறை சென்ற சாலை. திரையில் கோடு சில அடி விலகுவதால் அவர் வழி தவறப் போவதில்லை. ஆகவே, அவர் விரும்புவது கூடுதல் ஆறு மணி நேரத்தை அன்று. தோழரின் கைப்பிடியில் ஒளிரும் புதுமையையே அவர் விரும்புகிறார்.

இதனால் மாற்றம் என்றுமே வேண்டாதது என்று கொள்ளுதல் கூடாது. அதே மனிதர் நாளை 300 கிலோமீட்டர் நெடும்பயணம் ஒன்றில் கலந்துகொள்வாராயின், அதற்கு வகுக்கப்பட்ட கால எல்லை 20 மணி நேரம். இரவில், அறியாத சாலையில், திரை அணைந்து போவது இடர் தரும். அப்போதும் சட்டைப்பையில் ஒரு பவர் பேங்க் போதுமா என்று முதலில் கேட்பது அறிவுடைமை. போதாதெனின் வாங்குவது முறைமை. ஜி.பி.எஸ். அமைப்பு வாரங்களை 1,024 வரை எண்ணி மீண்டும் சுழியிலிருந்து தொடங்குவது. 2019 ஏப்ரலில் அவ்வாறு எண்ணிக்கை திரும்பியபோது, மென்பொருள் புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள் சில நாளையே தவறாகக் காட்டின. அத்தகைய கருவியையும், மின்கலம் புடைத்த கருவியையும் கட்டிக்கொண்டிருப்பது சிக்கனமாகாது. தன் எளிமையைப் பிறர் காணவேண்டும் என்பதற்காகப் பழையதை ஏந்தித் திரிவதும் ஒருவகைப் பகட்டே. புதுமைப் பற்றும் பழமைப் பற்றும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள் அல்லவா?

ஆசை தனியே வருவதில்லை. சுற்றத்தையும் உடன் அழைத்து வருகிறது. 18ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுச் சிந்தனையாளர் திதரோ, தம் பழைய அங்கியை இழந்ததற்கு வருந்திக் கட்டுரை ஒன்று எழுதினார். புதிய சிவப்பு அங்கி வந்தபின், அதன் பொலிவுக்கு முன் அறையிலிருந்த பழம்பொருள்கள் எல்லாம் ஏழ்மையாகத் தோன்றின. ஒவ்வொன்றாக மாற்ற நேர்ந்தது. பழைய அங்கிக்குத் தாம் தலைவராக இருந்ததையும் புதியதற்கு அடிமையானதையும் அவர் உணர்ந்தார். மிதிவண்டிக் கணினியின் கதையும் அதுவே. புதிய திரையில் மிதிவிசைக்கெனக் காலியாக ஒரு கட்டம் இருக்கும். அக்கட்டத்தை நிரப்ப, விலை மிக்க அளவி ஒன்று வேண்டியிருக்கும்.

கழிக்கப்பட்ட பொருள் எங்கே போகிறது என்பதையும் அறநெறி கேட்கும். 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6 கோடியே 20 இலட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்ததாகவும், அதில் 22.3 விழுக்காடே முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டதாகவும் ஐக்கிய நாடுகள் அமைப்பின் அறிக்கை கூறுகிறது. இழுப்பறையில் உறங்கும் ஒரு சிறு பெட்டி அம்மலையில் ஒரு துகளே. எனினும் துகள்கள் சேர்ந்ததே அம்மலை. பழையதைத் தேவையுள்ள இளைஞர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்குபவர், அத்துகளையேனும் தடுத்தவராவார்.

இவை அனைத்தினும் ஆழமான வினா ஒன்று எஞ்சுகிறது. அளப்பது எதற்காக? 1972இல் மெக்சிகோ நகரில் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை படைத்தபோது, அவர் கைப்பிடியில் திரை ஏதும் இருக்கவில்லை. அளவி உழைப்பைக் காட்டும், உழைப்பைத் தராது. ஏறுபவரின் கண் எண்ணிலேயே நிலைக்குமாயின், சாலையோர மூங்கிலும் மலையிறங்கும் பனிமூட்டமும் அவருக்கு இல்லாதவையே. வகுப்பறைக்கும் இஃது ஒக்கும். மதிப்பெண் கல்வியை அளக்கும் கோல். கோலையே கல்வியென்று கொண்ட மாணவன் கோலை வளர்த்துத் தான் வளராது நிற்பான். ஆசிரியரும் அப்பிழைக்கு விலக்கானவர் அல்லர்.

ஆகவே, வாங்க எண்ணுவோர் தம்மைத் தாமே கேட்கத்தக்க வினாக்கள் மூன்று. இருப்பது செய்ய இயலாத எதனைப் புதியது செய்யும்? அச்செயல் தம் வாழ்வில் உண்மையாகவே நிகழ்கிறதா? பிறர் எவரும் காணாத சாலையிலும் அப்பொருளை விரும்புவாரா? மூன்றுக்கும் தெளிந்த விடை கிடைப்பின் தயங்காது வாங்கலாம், அதில் குற்றமில்லை. கிடைக்காவிடில், காத்திருத்தலே விடை.

கெந்திங் செம்பாவுக்கு ஏறும் அந்த மனிதர், ஒரு ஞாயிறு தம் கணினியைச் சட்டைப்பையில் இட்டுவிட்டு மலையேறிப் பார்க்கட்டும். உச்சியை அடைந்தபின் அவர் மனம் முதலில் எதனைத் தேடுகிறதோ, அதுவே அவருடைய வினாவுக்கு விடை சொல்லிவிடும்.